குளிசைக்கு விலை கட்டினால் மட்டும் போதுமா?

குளக்கட்டு:

போன செவ்வாய் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீடு வன்னியில், துணுக்காய்ப் பக்கம். விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டு, இரண்டு பஸ் மாறி, நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, டொக்டரைப் பார்த்து முடிய 11 மணி. பிறகு மருந்து வரிசை. அம்மாவுக்குச் சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றும் இருக்கிறது. எழுதிய நான்கு குளிசையில் இரண்டுதான் ஜன்னலால் வந்தது. மற்ற இரண்டையும் கொப்பியில் வட்டம் போட்டு "இது வெளியில வாங்குங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டார்கள். வெளியே கடையில் கேட்டால் ஒரு மாதத்துக்கு 4,300 ரூபா. அம்மா பேர்சைத் திறந்து பார்த்துவிட்டு "ஒரு கிழமைக்கு மட்டும் தாங்கோ தம்பி" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மற்றதைக் கண்டேன். பழைய பால்மா ரின் ஒன்றுக்குள் பாதி பாதியாக முறித்த குளிசைகள், தாளில் சுற்றி, கிழமை எழுதி. எத்தனை மாதமாக இப்படிப் பாதி போட்டுக்கொண்டிருக்கிறாரோ தெரியாது. கேட்டால் "பாதி போட்டாலும் நிக்கும்தானே பிள்ளை" என்கிறார்.

எனக்கு ஒரே முடிவுதான். அத்தியாவசிய மருந்து எல்லாவற்றுக்கும் அரசாங்கம் உச்ச விலை கட்ட வேண்டும். 2016 ஒக்டோபரில் 48 மருந்துக்குக் கட்டினார்கள், அதற்குப் பிறகு பட்டியல் கூடியது. முழுப் பட்டியலுக்கும் கட்டட்டும். டொக்டர்மார் கம்பனிப் பெயர் எழுதாமல் மருந்தின் பெயரை மட்டும் எழுதட்டும். இதில் என்ன கஷ்டம் என்று யாராவது சொல்லுங்கோ.

ஏ9 மருந்தகம்:

தங்கச்சி, அம்மாவின் கதை மனதை வருத்துகிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் 14 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன், "ஒரு கிழமைக்கு மட்டும்" என்ற குரலை ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். ஆனால் விலை கட்டினால் தீரும் என்பதை ஏற்க மாட்டேன்.

2022ஐ நினைத்துப் பாருங்கோ. வருடத் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா, மே மாதம் 360 ரூபா. நாட்டுக்கு வேண்டிய மருந்தில் பெரும் பகுதி இறக்குமதி, பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. உச்ச விலையோ பழைய டொலருக்குக் கட்டியது. கொண்டு வருபவன் நட்டத்துக்கு எத்தனை நாள் கொண்டு வருவான்? மார்ச்சில் 29 வீதம் ஏற்ற அனுமதி கொடுத்தார்கள், ஏப்ரல் கடைசியில் 60 மருந்துக்கு இன்னும் 40 வீதம் ஏற்றினார்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் என் கடையில் என்ன நடந்தது தெரியுமா? விலை மலிவு, தட்டு வெறுமை. குழந்தைக்குக் காய்ச்சல் பாணி கேட்டு வந்த தகப்பனிடம் "இல்லை" என்று சொல்லி அனுப்பினேன். இல்லாத மருந்துக்கு விலை கட்டி யாருக்கு என்ன பயன்?

பனங்காமம்:

அண்ணை, 2022இல் டொலர் இல்லாமல்தான் மருந்து இல்லாமல் போனது. விலை கட்டாத பொருளும்தானே இல்லை? பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றது மறந்துவிட்டதா? அந்த வருடத்தை வைத்து விலைக் கட்டுப்பாட்டையே பிழை என்று சொல்வது சரியில்லை. ரூபா விழுந்தால் ஏற்றவும் ஏறினால் இறக்கவும் ஒரு ஒழுங்கான கணக்கு முன்கூட்டியே இருக்க வேண்டும். ரூபா கொஞ்சம் தேறியபோது, 2023 யூனில், அதே 60 மருந்துக்கும் 16 வீதம் குறைத்தார்கள்தானே. ஆக செய்ய முடியும். கட்டும் விலை நகர வேண்டும், அதைக் கட்டாமல் விடக்கூடாது.

ஏ9 மருந்தகம்:

ஏற்றினது 29, பிறகு 40. இறக்கினது 16. கணக்கை நீங்களே பாருங்கோ தம்பி. ஒழுங்கான கணக்கு இருந்தால் நானும் ஒத்துக்கொள்வேன், இதுவரைக்கும் என் கண்ணால் காணவில்லை.

மருந்தாளர்:

நான் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே இருப்பவன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் கடையைப் பற்றிக் கதைக்கிறீர்கள். அந்த அம்மா முதலில் கடைக்குப் போக வேண்டி வந்தது ஏன் என்பதுதான் என் கேள்வி.

முதலில் ஒரு விஷயம், குளக்கட்டு, தயவுசெய்து இன்றைக்கே பாருங்கோ. அம்மா முறிக்கும் குளிசையில் சீனிக்குக் கொடுக்கும் மெற்போமின் இருந்தால், அது மெதுவாகக் கரையும் வகையா என்று அட்டையில் பார்க்க வேண்டும். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். என்று போட்டிருக்கும். அதை முறிக்கவே கூடாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். பிரஷர்க் குளிசையைப் பாதியாக்கினால் பிரஷர் பாதி நிற்கும் என்று இல்லை, அது சத்தமில்லாமல் ஏறி ஒரு நாள் பாரிசவாதமாக வந்து நிற்கும். இப்படி வந்தவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி மருந்து கடையில் வாங்குவது போல வாங்குவதில்லை. அடுத்த வருடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் மதிப்பீடு அனுப்ப வேண்டும். அது பிராந்திய மருந்துக் களஞ்சியத்துக்குப் போய், அங்கிருந்து கொழும்பில் மருத்துவ வழங்கல் பிரிவுக்குப் போய், எல்லாம் சேர்த்து அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் கேள்விப்பத்திரம் கோரி, கப்பலில் வந்து, சோதித்து, திரும்ப எங்களிடம் வர ஒரு வருடம் ஓடிவிடும். இதில் ஓரிடத்தில் கோப்பு நின்றால் எங்கள் ஜன்னலில் வட்டம் விழும். மதிப்பீடு போடுபவர் போன வருடம் கொடுத்த தொகையைப் பார்த்துப் போடுகிறார். போன வருடம் மருந்து மூன்று மாதம் இல்லாமல் இருந்திருந்தால் கொடுத்த தொகையும் குறைவு, ஆக இந்த வருட மதிப்பீடும் குறைவு. இல்லாமையே அடுத்த இல்லாமையைக் கொண்டுவருகிறது. பெரிய ஆஸ்பத்திரியென்றால் அவசரத்துக்கு உள்ளூரில் வாங்கக் கொஞ்சம் காசு இருக்கும். சின்னப் பிரதேச வைத்தியசாலைகளில் அதுவும் பெயருக்குத்தான்.

என் கருத்து இது: இலவச மருந்து என்பது சட்டத்தில் இருந்தால் போதாது, தட்டில் இருக்க வேண்டும். தட்டை நிரப்பினால் கடை விலையைப் பற்றிப் பாதிச் சனத்துக்குக் கவலையே இல்லை.

ரொறன்ரோ வன்னியான்:

நான் முத்தையன்கட்டில் பிறந்து வளர்ந்தவன், இப்போது கனடா. இங்கே எங்கள் ஊர்ச் சங்கத்தில் மாதம் ஆளுக்கு 20 டொலர் போட்டாலே ஒரு கிராமத்துக்கு மருந்து வாங்கிவிடலாம். அரசாங்கம் திருந்தும் என்று காத்திருந்து அம்மாக்களைப் பலி கொடுக்கப் போகிறோமா? பட்டியல் அனுப்புங்கோ, அடுத்த மாதமே அனுப்புகிறோம்.

பனங்காமம்:

அண்ணை, உங்கள் மனதுக்கு நன்றி. கோபிக்க வேண்டாம், ஆனால் சீனிக்கும் பிரஷருக்கும் குளிசை உயிர் உள்ளவரை வேண்டும். உங்கள் சங்கம் இரண்டு வருடம் அனுப்பும், தலைவர் மாறுவார், நிற்கும். எங்கள் ஊரில் முள்ளந்தண்டில் காயப்பட்டுப் படுக்கையில் இருக்கும் ஆட்கள் எத்தனை பேர். 2009 யுத்தத்தில் காயப்பட்டவர்களுக்கு அப்போது வயது இருபது, இப்போது நாற்பதை நெருங்குகிறது. சிறுநீர்க் குழாய், பஞ்சு, படுக்கைப் புண்ணுக்கு மருந்து, சலத்தில் கிருமி வந்தால் அன்ரிபயோட்டிக், இது ஒவ்வொரு கிழமையும் வேண்டும். தொடக்கத்தில் எத்தனை பேர் வந்து படம் எடுத்துக்கொண்டு உதவினார்கள். இன்றைக்கு ஒரே குழாயைக் கழுவிக் கழுவிப் பாவிக்கிறார்கள், அதனாலேயே திரும்பக் கிருமி. உதவி செய்பவர் களைத்துப் போவார், அது மனித இயல்பு. உரிமையாக வருவதுதான் நிற்கும்.

அப்புறம், தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த எங்களுக்கு மருந்து என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அனுமதி கிடைத்தால் வரும், கிடைக்காவிட்டால் வராது. மருந்து யாருடைய தயவிலும் தங்கியிருக்கக் கூடாது என்று நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

ரொறன்ரோ வன்னியான்:

நீர் சொல்வது விளங்குகிறது. ஆனால் கழுவிப் பாவிக்கும் அந்தப் பிள்ளைக்கு இந்தக் கிழமை குழாய் வேண்டும். கொள்கை வரும்வரை அவர் என்ன செய்வது? நான் நிறுத்த மாட்டேன்.

குளக்கட்டு:

மருந்தாளர் சேர், நன்றி. அட்டையைப் பார்த்தேன். எக்ஸ்.ஆர். என்றுதான் இருக்கிறது. ரின்னை எடுத்து ஒளித்துவிட்டேன், அம்மாவுக்குக் கோபம்.

ஆனால் தட்டை நிரப்புவது மட்டும் போதும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த நாட்டில் இதை ஒருவர் முழுதாகச் செய்து காட்டியிருக்கிறார். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அவரும் டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் கொடுத்த அறிக்கையிலிருந்துதான் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமே வந்தது. தனியார் கொண்டுவந்த ஏறக்குறைய 2,100 மருந்தை 600 ஆகக் குறைத்தார்கள். ஒரே மருந்து பத்துப் பெயரில் வருவதை நிறுத்தி, உலகம் முழுக்க விலை கேட்டு, மொத்தமாக ஒரே இடத்தில் வாங்கினார்கள். உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது 1977இல், பிபிலே கயானாவில் இறந்ததும் அதே வருடம். எங்களிடம் தொடங்கிய யோசனை, எங்கள் அம்மாவுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

ஏ9 மருந்தகம்:

பிபிலே சேரைப் பற்றிப் படித்துத்தான் நானும் வந்தேன், அவரை மதிக்கிறேன். ஆனால் மலிவுக்கு மொத்தமாக வாங்குவதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதையும் கதைக்க வேண்டும். 2023இல் கண் சத்திரசிகிச்சை செய்த ஆட்களுக்கு விட்ட பிரட்னிசொலோன் சொட்டு மருந்தால் பார்வை போனது. அதே வருடம் தரமில்லாத இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து ஆஸ்பத்திரிகளுக்குள் வந்து, அந்த விவகாரத்தில் சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரியில் கைதானார். என் கடைக்கு வரும் சனம் "அண்ணை, விலை கூடினாலும் பரவாயில்லை, நல்ல கம்பனி மருந்து தாங்கோ" என்று கேட்பது இந்தப் பயத்தால்தான். அவர்களைப் பிழை சொல்வீர்களா? மருந்தின் பெயரை மட்டும் எழுதினால் எந்தக் கம்பனி என்று தீர்மானிப்பது யார்? நான்தான். லாபம் கூடியதை எடுத்துக் கொடுக்கிற கடைக்காரரும் இருக்கிறார்கள், என் தொழிலைப் பற்றி நானே சொல்கிறேன்.

மருந்தாளர்:

இதில் அண்ணை சொல்வது முக்கியமான விஷயம், ஆனால் காரணத்தை மாற்றிச் சொல்கிறார். அந்த மருந்துகள் பிரச்சினையானது மலிவாக வாங்கியதால் இல்லை. நெருக்கடி நேரம் அவசரம் அவசரமாக, வழமையான பதிவும் சோதனையும் இல்லாமல் உள்ளே விட்டதால். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தில் மருந்துகளை ஒழுங்குபடுத்த ஓர் அதிகார சபையை உண்டாக்கினோம். அதற்கு ஆளும் ஆய்வுகூடமும் போதிய அளவு கொடுத்தோமா என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டைப் பாருங்கோ. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கினார்கள். மாவட்டம் தோறும் களஞ்சியம். வந்த ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து வெளி ஆய்வுகூடத்துக்கு அனுப்பிச் சரி வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வங்கிப் புத்தகம் மாதிரி ஒரு பாஸ்புக், அதில் அந்த வருடத்துக்கான பணம் வரவு வைத்திருக்கும், தேவைக்கு ஏற்ப எடுக்க எடுக்கக் கழியும். எந்த மருந்து ஓடுகிறது என்று அங்குள்ளவருக்கே தெரியும். எங்கள் மதிப்பீட்டு முறையில் ஒரு வருடத்துக்கு முன் எழுதியதைத் திருத்த நான் எத்தனை கடிதம் எழுதியிருப்பேன்.

ஏ9 மருந்தகம்:

பாஸ்புக் நல்ல யோசனை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் அப்படி ஒன்று ஓடினால் என் வியாபாரம் குறையும், அதற்கு நான் தயார். ஆனால் அதுவரைக்கும் உச்ச விலையை இறுக்கினால் மிஞ்சி இருக்கும் சின்னக் கடைகளும் பூட்டுப்படும். நெடுங்கேணிப் பக்கம் ஒருவர் இரவில் காய்ச்சல் குளிசை தேடி எங்கே போவார்? இன்சுலின் வைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கு மின்சாரம் நான்தான் கட்டுகிறேன், காலாவதியானால் நட்டமும் எனக்கு. இதில் என் நிலைப்பாடு மாறாது.

குளக்கட்டு:

நானும் மாறவில்லை அண்ணை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மாவுக்கு வெளியில் எழுதியவை கொலஸ்ட்ரோலுக்கு அற்றோவாஸ்ரற்றின் 20, பிரஷருக்கு லொசாட்டன் 50. எனக்கு 4,300 சொன்னது கம்பனிப் பெயரில். உங்கள் கடையில் வேறு பெயரில் என்ன விலை?

ஏ9 மருந்தகம்:

இரண்டும் சேர்த்து, பதிவுள்ள நல்ல இந்திய மருந்து, மாதத்துக்கு 1,250 ரூபாவுக்குள் தருவேன். உங்களுக்கு அதை அந்தக் கடையில் சொல்லாதது பிழை. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பனங்காமம்:

4,300க்கும் 1,250க்கும் நடுவில் ஒரு மனுசியின் மூன்று கிழமை மருந்து இருக்கிறது அண்ணை. உச்ச விலை கட்டச் சொல்லிக் கேட்பது இந்த இடைவெளிக்காகத்தான்.

மருந்தாளர்:

உருப்படியாக ஒன்று செய்வோம். உங்கள் கிளினிக் கொப்பியில் "வெளியில்" என்று எழுதிய மருந்தின் பெயர், அளவு, எந்த மாதம், இதை மட்டும் இங்கே எழுதுங்கோ. ஆளின் பெயரோ ஆஸ்பத்திரியின் பெயரோ வேண்டாம். மூன்று மாதம் சேர்ந்தால் அதை பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்குக் கொடுக்க நான் வழி செய்கிறேன். மதிப்பீட்டில் பொய் எண் இருப்பதை எண்ணால்தான் காட்ட முடியும்.

குளக்கட்டு:

அற்றோவாஸ்ரற்றின் 20, லொசாட்டன் 50. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும்.

ரொறன்ரோ வன்னியான்:

என் பெரியம்மா, மாங்குளம் பக்கம். இரத்தம் கட்டாமல் இருக்கப் போடும் வாபரின் 1. ஆடி. அடுத்த மாதப் பட்டியலை அவவிடம் கேட்டு எழுதுகிறேன்.