அம்மா பார்த்த லேடாங் மலை

நான் ஜொகூர் தங்காக் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆள். 2009-ல் அம்மாவை கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியில் காட்டிவிட்டு வரும்போது நல்ல மழை. ஒதுங்கப் போன இடம் துன் ரசாக் சாலை ஓரத்துத் தேசிய ஓவியக் கூடம். உள்ளே ஓவியர் சைட் அமாட் ஜமாலின் வாழ்நாள் ஓவியங்கள் எல்லாம் மாட்டியிருந்தன. மூவார்க்காரர், 1929-ல் பிறந்தவர், லண்டனில் படித்துவிட்டு வந்து 1983 முதல் 1991 வரை அதே கூடத்துக்கு இயக்குநராக இருந்தவர்.

ஆரம்பகாலப் படங்களில் வண்ணத்தை வீசியடித்திருந்தார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அம்மா உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தார். ‘குனோங் லேடாங்’, அதாவது எங்கள் லேடாங் மலைப் படங்கள் வந்ததும் நின்றுவிட்டார். மரமில்லை, மேகமில்லை, வெறும் முக்கோணங்கள்.

“இது சாகில் பக்கமிருந்து பார்த்தது. நம்ம மரவரிசையிலேர்ந்து பார்த்தா இடது தோள் சரிஞ்சிருக்கும்.”

அம்மா முப்பது வருசம் பால்மரம் வெட்டியவர், ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. விடியும்போது முதலில் பார்ப்பது மலையைத்தானாம். உச்சியை மேகம் மூடினால் மழை. பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை. 1,276 மீட்டர் உயரம் என்று நான் பள்ளியில் மனப்பாடம் செய்த மலை அது.

சரிவைக் காட்ட விரலை நீட்டினார். காவலர் ஓடி வந்தார். “மாச்சிக், ஜாங்ஙான் செந்து!” அம்மா, தொடாதீங்க என்று.

– – –

அண்ணே, நீங்க எழுதினதைப் படிச்சேன். நாங்க மலாக்கா அசகான். மலைக்கு மலாக்கா பக்கமும் ஒண்ணு இருக்கு, மறந்துடாதீங்க. அந்த மலையில இருந்ததா கதையில வர்ற இளவரசியைப் பொண்ணு கேட்டு ஆள் அனுப்பினதே எங்க சுல்தான்தான். ஏழு தட்டு கொசு ஈரல் கேட்டு அந்தம்மா விரட்டிவிட்டது வேற கதை. அந்தப் படம் எங்க பக்கத்துல நின்னு வரைஞ்சதா ஏன் இருக்கக்கூடாது?

– – –

கோலாலம்பூர் நடுவில் இருந்த ‘புஞ்சாக் பூர்ணாமா’ சிற்பமும் இந்த சைட் அமாட் ஜமால் செய்ததுதான், 1986-ல். அந்த வழியா எத்தனையோ தடவை போயிருக்கேன், யார் செய்ததுன்னு ஒரு நாளும் கேட்டதில்லை. 2016-ல் உடைச்சிட்டாங்க. பேப்பரில் பேரைப் பார்த்த பிறகுதான் தெரிஞ்சது. போட்டோகூட ஒண்ணு எடுத்து வைக்கலை.

– – –

அசகான் தம்பி, நீங்க எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் யோசிச்சாங்க.

“அந்தப் பக்கம் மழை முன்னாடியே இறங்கிடும். பாவம், அவங்களுக்கு எத்தனை நாள் வெட்டு போயிருக்கும்?”