இடியன் துவக்கின் குழலுக்குள் துரு: மண்ணெண்ணெய் விட்டது பிழையா?

தம்பலகாமத்தான்:

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு இடியன் துவக்கு இருக்கிறது, கருமருந்தைக் குழல் வாய் வழியே போட்டுக் கம்பியால் இடித்து நிரப்புகிற துவக்கு. பயிர்க் காவலுக்கென்று அப்பாவின் பேரில் அனுமதி எடுத்தது, வருடா வருடம் புதுப்பிக்கிறோம். நான்கடிக் குழல், மருந்தைப் பற்ற வைக்கிற சின்னக் கேப் வைத்து அடிக்கிற வகை. அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்த பிறகு துடைக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

போன கார்த்திகையில் பன்றிகள் வயலுக்குள் இறங்கிய இரவு அப்பா இரண்டு வெடி வைத்தார். அடுத்த நாள் பழைய சாரத்தைக் கிழித்து, கம்பியில் சுற்றி, மண்ணெண்ணெயில் தோய்த்து உள்ளே பத்துத் தடவையாவது இழுத்திருப்பேன். துணி கறுப்பாகவே வந்தது, தார் போலப் பிசுபிசுத்தது. எண்ணெய்ப் பிடி இருக்கிறதுதானே என்று மேலே தேங்காயெண்ணெயும் பூசி, உறைக்குள் போட்டு அலுமாரியில் வைத்துவிட்டேன். மாரி முடிந்து தையில் எடுத்தால், குழல் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டதும் செம்மண் போல ஒட்டுகிறது. கேப் மாட்டுகிற நிப்பிளும் இறுகிவிட்டது, அசையவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. துவக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தார். ஏசியிருந்தால் பரவாயில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் அரத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். செய்யலாமா?

கொட்டியாரத்தான்:

தம்பி, அரத்தாளைத் தூர வை. அதற்கு முதல் ஒரு கேள்வி. துவக்குக்குள் மருந்து இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்? அப்பா சொன்னார் என்பது பதில் இல்லை.

இடிக்கிற கம்பியைக் குழலுக்குள் மெதுவாக அடிவரை இறக்கு. முகத்தையும் கையையும் வாய்க்கு நேரே வைக்காதே. வாயோடு சேர்கிற இடத்தில் கம்பியில் கரியால் ஒரு கோடு போடு. பிறகு கம்பியை வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் அதே கோட்டுக்குச் சரியாகப் பிடித்துப் பார். நுனி நிப்பிள் இருக்கிற இடம்வரை வந்தால் உள்ளே ஒன்றுமில்லை. மூன்று நான்கு விரல் முன்னாலேயே நின்றால் ஏதோ இருக்கிறது. அப்படியென்றால் ஒன்றையும் தோண்டாதே, துவக்குத் திருத்துகிற ஆளிடம் கொடு. தண்ணீர் ஊற்றினால் மருந்து செத்துவிடும் என்றும் நம்பாதே. காய்ந்தால் அது திரும்பவும் பற்றும். என் மாமாவின் துவக்கு இரண்டு வருடம் பரணில் கிடந்தது, பிள்ளைகள் தூக்கி விளையாடிய துவக்கு அது. ஒரு நாள் இப்படி அளந்து பார்த்தால் கம்பி நான்கு விரல் குறைகிறது. மாமியின் முகம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

சரி, துருவுக்கு வருவோம். மண்ணெண்ணெயில்தான் பிழை. கருமருந்து எரிந்தால் எல்லாம் புகையாகப் போய்விடுவதில்லை, பாதிக்கு மேல் கசடாக உள்ளேயே படிகிறது. அந்தக் கசடில் பெரும்பகுதி பொட்டாசியம் உப்புகள். மாரியில் அடுப்படி உப்புப் போத்தல் கசிவது உனக்குத் தெரியும். அதே வேலையை உன் குழலுக்குள் இந்தக் கசடு செய்கிறது, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்போடு சேர்த்து வைக்கிறது. எங்கள் ஊரில் கடற்காற்று வேறு. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். நீ மண்ணெண்ணெய் விட்டுக் கசடைத் தாராகக் குழைத்திருக்கிறாய், அதன் மேல் தேங்காயெண்ணெய் பூசி, உறையும் போட்டு மூடிக் கட்டியிருக்கிறாய்.

துவக்கை வெந்நீரால் கழுவு. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், ஆனால் இந்தக் கசடைக் கரைப்பது தண்ணீர்தான்.

நிலாவெளி மச்சான்:

வெந்நீர் என்றால் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குக் கொண்டு போக வேண்டியதுதான். ஏழு கிணறு இருக்கிறதே!

கொட்டியாரத்தான்:

கன்னியாத் தண்ணீர் உன் முதுகுக்குத்தான் சரி மச்சான், துவக்குக்குச் சூடு போதாது.

தம்பி, எழுதி வைத்துக்கொள். நிப்பிள் கழன்று வந்தால் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் போடு. குழல் கட்டையிலிருந்து கழன்றால் அதன் அடிப்பக்கத்தை வாளியில் வைத்து, ஈரத்துணி சுற்றிய கம்பியை மேலும் கீழும் இழு. நிப்பிள் துளை வழியே தண்ணீர் உள்ளே ஏறி இறங்கும், ஊசிமருந்துக் குழாய் இழுப்பது போல. பித்தளைப் பட்டி அடித்து இறுக்கிய துவக்கென்றால் குழலைக் கழற்றப் போகாதே. மோட்டார்சைக்கிள் பெட்ரோல் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி நிப்பிளில் மாட்டி, மறுநுனியை வாளிக்குள் விடு. அதே வேலை நடக்கும், கட்டையும் நனையாது. அடி மூடியைத் திருகிக் கழற்றுகிற எண்ணம் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்.

முதலில் வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீர். கூழ்முட்டை நாற்றம் வரும், பயப்படாதே. மருந்திலுள்ள கந்தகத்தின் மிச்சம் அது. வாளித் தண்ணீர் மையாகக் கறுக்கும். மாற்று. சாம்பல் நிறமாகும். மாற்று. தெளிந்த பிறகு தேத்தண்ணிக்குக் கொதிக்கிற சூட்டில் ஒரு கேத்தல் தண்ணீரைப் புனல் வைத்து ஊற்றி வடி. குழலைத் துணியால் பிடி, கை பொசுங்கும். அந்தச் சூட்டிலேயே உள்ளே மிச்ச ஈரம் காய்ந்துவிடும். ஆனால் சும்மா விட்டுவிட்டுப் போனால் கண்முன்னே செந்துரு பூக்கும். அதனால் உலர்ந்த துணி இரண்டு மூன்று உடனே இழுத்து, குழல் சூடாக இருக்கும்போதே தையல் மெஷின் எண்ணெய் மெல்லிசாகப் பூசு.

இத்தோடு முடிந்தது என்று நினைக்காதே. அடுத்த நாள் வெள்ளைத் துணி ஒன்று விட்டுப் பார். பழுப்பாக வந்தால் திரும்பவும் எண்ணெய். பலரும் தவறவிடுவது இந்த இரண்டாம் நாளைத்தான்.

இறுகிய நிப்பிளுக்குத் துரு இளக்குகிற எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் விடு. அளவான சாவி மட்டும் போடு, குறடு போட்டால் தலை மழுங்கும். கழன்ற பிறகு துளையை ஊசியால் குத்தித் துப்புரவாக்கி, புரியில் கொஞ்சம் கிரீஸ் தடவித் திருப்பி மாட்டு. உறை வேண்டவே வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். பூட்டி வைக்கிற இடத்தில் வாய் கீழே பார்க்க நிறுத்து. எண்ணெய் அடியில் இறங்கி நிப்பிள் துளையை அடைக்காது.

ஸ்காபரோவில் திருமலையான்:

பெரியவர் சொன்னதெல்லாம் சரி. நான் இங்கே ஐம்பது கலிபர் புரிக்குழலில், அதாவது உள்ளே சுருள் பள்ளம் வெட்டிய குழலில், மான் வேட்டைக்குப் போகிறேன். புரிக்குழலில் கசடு பள்ளங்களுக்குள் ஒளிந்துகொள்ளும், துணி இறுக்கமாக இருந்தால்தான் பிடிக்கும். பாத்திரம் கழுவுகிற திரவமும் சுடுதண்ணீரும்தான் என்னுடைய மருந்தும். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்து பாவிக்கிறவர்கள், அது சுத்தம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அதுவும் அரிக்கும், அதற்கும் அன்றைக்கே தண்ணீர்தான்.

அப்புறம் ஒன்று. மண்ணெண்ணெய் போல இன்னொரு குறுக்கு வழியும் உண்டு, தோட்டாவைப் பிரித்து அதிலுள்ள மருந்தை இடியனில் போடுவது. அது வேறு மருந்து, அழுத்தம் பல மடங்கு. குழல் கையிலேயே வெடிக்கும்.

தம்பலகாமத்தான்:

எல்லோருக்கும் நன்றி. கம்பியை அளந்து பார்த்தேன், நிப்பிள்வரை சரியாக வந்தது. அளந்து முடிக்கும்வரை அம்மா முற்றத்துக்குள் வரவில்லை.

நாற்றம் நீங்கள் சொன்னது போலவே, நாயும் எழுந்து போய்விட்டது. ஏழாவது வாளியில்தான் தண்ணீர் தெளிந்தது. இரண்டாம் நாள் துணி சாயத் தேத்தண்ணி நிறத்தில் வந்தது, மூன்றாம் நாள் கொஞ்சம் மஞ்சள், நேற்று வெள்ளை. நிப்பிள் நான்காம் நாள் ‘கிரீச்’ என்று இளகியது. வலைக்குக் கட்டுகிற சின்ன லைட்டை நூலில் இறக்கிப் பார்த்தேன். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டு மூன்று குழி தெரிகிறது, கடுகளவு. வெடி வைக்கலாமா?

கொட்டியாரத்தான்:

வைக்காதே. அடிப்பக்கம்தான் முழு அழுத்தமும் தாங்குகிற இடம். குழி எவ்வளவு ஆழம் என்று நீ எழுதியதை வைத்து நானும் சொல்ல மாட்டேன், நீயும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. திருத்துகிறவர் கையில் கொடுத்துக் கேள். கொண்டு போகும்போது அனுமதிப் பத்திரம் கூடவே இருக்கட்டும், அப்பாவும் வரட்டும். அனுமதி அவர் பேரில்தானே இருக்கிறது. திருத்துகிறவர் சரி என்றால், வெடி வைப்பதற்கு முதல் உலர்ந்த துணியால் எண்ணெய் முழுவதையும் எடுத்துவிடு. இல்லாவிட்டால் மருந்து நனைந்து, கேப் மட்டும் வெடித்துப் பன்றி உன்னைத் திரும்பிப் பார்க்கும்.

அதுவரை வயலுக்குத் தகரம் தட்டு. அப்பா என்ன சொல்கிறார்?

தம்பலகாமத்தான்:

நேற்று அந்த வெள்ளைத் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உறை எங்கே என்று கேட்டார். கோழிக்கூட்டுக்கு மேலே மழை ஒழுக்குக்குப் போட்டிருக்கிறேன் என்றேன்.