காற்றுநெளிவு: தொலைப்படத்தில் உருவம் ஆடுவதற்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம். தூரத்தில் இருப்பதை நீள லென்ஸில் எடுத்தால் படத்தில் உருவம் ஆடுகிறதே, அதற்குத் தமிழில் என்ன சொல்வது? என் யோசனையையும் அதற்கு எழும் கேள்விகளுக்கான பதிலையும் கீழே தருகிறேன்.

> 'வெப்பமூட்டம்' இருக்கிறதே, புதிய சொல் எதற்கு?

மூட்டம் என்றால் புகையோ பனியோ இடையில் நின்று மறைக்க வேண்டும். இங்கே மறைக்க எதுவும் இல்லை, காற்று தெளிவாகத்தான் இருக்கிறது. சூடும் குளிருமான காற்றுத் திரள்கள் கலந்து புரளும்போது, ஒவ்வொன்றிலும் ஒளிவிலகல் எண் (ஒளி எவ்வளவு வளையும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) கொஞ்சம் மாறுகிறது. எவ்வளவு கொஞ்சம்? காற்றின் எண் சுமார் 1.0003. ஒரு டிகிரிக்கு அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்கிறது, அவ்வளவுதான். முற்றத்துப் பூவைப் படமெடுத்தால் தெரியாது. ஏரியைக் கடந்து 50 கிலோமீட்டர் வரும் ஒளியில் தெரியாமல் போகாது.

'வெப்ப'மும் பொருந்தவில்லை. கனடாவில் நயாகரா-ஆன்-த-லேக் ஊரின் கரையில் நின்று, ஒன்டாரியோ ஏரிக்கு அப்பால் உள்ள டொரன்டோவை 600 மி.மீ. லென்ஸில் பாருங்கள். கை விறைக்கிற ஜனவரியிலும் கட்டடங்கள் ஆடும். ஏரியின் பெரும்பகுதி உறைவதில்லை. மேலே வீசும் காற்றோ அதைவிடப் பல டிகிரி குளிர்ந்தது. முதல் தடவை லென்ஸில்தான் பழுது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து எதிர்ச் சுவரை எடுத்துப் பார்த்தால், செங்கல் செங்கலாக எண்ணலாம் போல விழுந்தது. (காரின் கதகதப்பிலிருந்து லென்ஸை எடுத்த கையோடு படமெடுக்காதீர்கள். லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூடுக்குள்ளேயே இந்தக் கூத்து நடக்கும்.)

> 'வளிமண்டலச் சிதைவு' துல்லியமாக இருக்குமே?

வளிமண்டலமே அழுகிப்போனது போல ஒலிக்கிறது. 'காற்றலைவு' எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் பாடநூல்களில் அலைவு ஏற்கெனவே ஊசலுக்குப் போய்விட்டது. ஊசலுக்குத் தாளம் உண்டு, இதற்குக் கிடையாது.

என் முன்மொழிவு 'காற்றுநெளிவு'. புழு நெளிகிறது, அடிபட்ட தகரம் நெளிந்துபோகிறது. நேராக நிற்க வேண்டிய கோபுரத்தின் விளிம்பும் அப்படித்தான் தெரிகிறது. கரையில் நிற்கும்போது "இன்னைக்கு நெளிவு ஜாஸ்தி, கிளம்பலாம்" என்று சுருக்கியும் சொல்லலாம். நெளிவது உருவம்தானே, காற்றில்லையே என்று ஒருவர் கேட்கலாம். சூட்டுக்கொப்புளம் என்கிறோம், கொப்புளிப்பது சூடா?

இதைக் கானலோடு சேர்த்துவிடக் கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதம். நெளிவு ஒழுங்கற்ற கலக்கம். கானலில் காற்று அடுக்கடுக்காக நிற்கிறது, ஒளி ஒழுங்காக வளைகிறது. அதே கரையில் கண்மட்டம் நீரிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், டொரன்டோவின் அடிப்பகுதியில் ஏறக்குறைய 140 மீட்டர் பூமியின் வளைவில் மறைந்துவிடும். அந்நகரின் 553 மீட்டர் சி.என். கோபுரமோ தாராளமாகத் தலைகாட்டும். வசந்தத்தில் ஏரி சில்லென்றும் அதன் மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கிற சில நாட்களில், மறைந்திருக்க வேண்டிய மாடிகளும் எழும்பி நிற்கும். அங்கே நெளிவு குறைவாகக்கூட இருக்கலாம். குளிர்காலத்தில் நேர்மாறு: கட்டடத்தின் கீழ்ப்பகுதி அறுந்து, மேற்பகுதியே தலைகீழாக அதன் அடியில் ஒட்டிக்கொள்ளும். முன்னதை 'எழுகானல்', பின்னதைக் 'கவிழ்கானல்' எனலாமா? 'மேற்கானல்' வேண்டாம், மேற்குத் திசைக் கானல் என்று படித்துவிடுவார்கள்.

இன்னொன்று. நிமிர்ந்தும் கவிழ்ந்தும் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, தொலைவுக் கரை கோட்டை கொத்தளமாக மாறும் காட்சிக்கு இத்தாலியர் ஃபாட்டா மோர்கானா என்று பேர் வைத்தார்கள். மெசினா நீரிணையில் தெரிந்ததை மோர்கனா என்ற மாயக்காரியின் வேலை என்று நம்பியதால் வந்த பேர். நம்மிடம் 'பேய்த்தேர்' இருக்கிறது! பழைய நூல்களில் அது கானல் நீருக்கே உரிய சொல். இப்போது யாரும் புழங்குவதில்லை, எனவே குழப்பமும் வராது. கடல்மேல் மிதக்கும் கோட்டைக்கு இதைவிடப் பொருத்தமாக நாம் புதிதாக ஒன்றும் உருவாக்கிவிட முடியாது.

வானியல் நண்பர்களிடம் ஒரு கேள்வி. விண்மீன் மினுக்குவதற்கும் இதே கலக்கம்தான் காரணம். தொலைநோக்கியில் கோளின் விளிம்பு துள்ளுவதை நீங்களும் நெளிவு என்பீர்களா, அல்லது 'மினுக்கம்' என்பதற்குள்ளேயே அடக்கிவிடுவீர்களா?