பார் இருக்கற ஓட்டல்ல கீழ ஒக்காந்து சாப்ட்டா என்ன தப்பு? (பாண்டி)

உப்பளம்காரி:
ஞாயித்துக்கிழமை நடந்தது, இன்னும் ஆத்திரம் அடங்கல, அதான் இங்க வந்து கொட்றேன். எங்க தெருமுனைல ஒரு ரெஸ்டாரண்ட் அண்ட் பார், பேர் வேணாம். ஒயிட் டவுன் கடைங்க மாதிரி மஞ்ச செவுரு, போட்டோ எடுக்கற மாடிலாம் கெடையாது, பேனு, எட்டு டேபிள், ஒரு டிவி, அவ்ளோதான். பத்து வருசமா பார்சல் வாங்கறோம். கடம்பா (கணவா மீனுதான்) வறுவல் அங்க மாதிரி நான் எங்கயும் சாப்ட்டதில்ல, ரப்பரா இழுக்காது, ஒடச்ச மொளகு மேலயே தெரியும். அம்மாதான் "பார்சல்ல வந்தா நமுத்துப் போவுது, ஒரு நாளு சட்டிலேர்ந்து எறக்கினதும் துன்னணும்டி"ன்னாங்க. சரின்னு நானு, வீட்டுக்காரரு, அம்மா மூணு பேரும் ஏழு மணிக்குப் போனோம்.

ஜன்னலோரம் டேபிள் காலி. ஒக்காரப் போறப்ப சப்ளையர் ஓடி வந்து "மேடம் மேல ஃபேமிலி ரூம் இருக்கு, அங்க போய்டுங்க"ங்கறாரு. இங்கயே ஒக்கார்றோம்ணேன்னா "இல்ல மேடம், ஓனர் திட்டுவாரு". முட்டி வலியோட அம்மா இருவது படி ஏறினாங்க. மேல ஒரு ஏசி ரூமு, ஜன்னலே கெடையாது, ஒரு திரை தொங்குது, ரூம் ஸ்ப்ரே நாத்தம். மெனு கார்டு வேற, கீழ 220 ரூவா கடம்பா மேல 280. அது படியேறி வர்றதுக்குள்ள ஆறிப்போச்சி. கீழ எல்லா டேபிள்லயும் வேகவச்ச கடலை வச்சிருந்தாங்க, வெங்காயம் மாங்கா போட்டு, மேல கேட்டா "அது பார் கஸ்டமருக்குத்தான் மேடம்". வீட்டுக்காரரு ஒரு பீர் சொன்னாரு, நான் பாதி என் கிளாஸ்ல ஊத்திக்கிட்டேன், அந்த சப்ளையர் என்னைப் பாக்காம அவரைப் பாத்து "சாருக்கு வேற கிளாஸ் தரட்டுமா"ங்கறாரு. கடைசில பில்லுல 10% சர்வீஸ் சார்ஜ் வேற. எதுக்கு சர்வீஸ், மாடிக்கு வெரட்டினதுக்கா?

கோரிமேடு தாண்டி:
தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர், அவங்க உங்க நல்லதுக்குத்தான சொன்னாங்க. குடிக்கிற எடத்துல நாலு பேரு நாலு வார்த்தை பேசுவான், உங்கம்மா காதுல விழணுமா? நான் திண்டிவனம், மாசம் ஒரு தடவ ப்ரெண்ட்ஸோட பாண்டி வருவேன், பக்கத்து டேபிள்ல குடும்பம் ஒக்காந்தா எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடும், ஃப்ரீயா பேச முடியாது.

உப்பளம்காரி:
அதாவது நீங்க ஃப்ரீயா பேசறதுக்கு எங்கம்மா இருவது படி ஏறணும். நல்லாருக்கு தம்பி நியாயம்.

பில்லப்பாரு:
அக்கா மொதல்ல பில்லு. சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் கெடையாது. 2022 ஜூலை 4ஆம் தேதியே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சி, ஓட்டல்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 2025 மார்ச் 28ல டெல்லி ஹைகோர்ட்டும் அந்த உத்தரவு செல்லும்னு தீர்ப்பு குடுத்துச்சி. எடுங்கன்னு சொல்லுங்க, எடுக்கலன்னா 1915க்கு போன் அடிங்க. அப்புறம் சாப்பாட்டுக்குத்தான் 5% ஜிஎஸ்டி, சரக்கு ஜிஎஸ்டிக்குள்ளயே வராது, சில எடத்துல மொத்தமா கூட்டி அதுமேல 5% போட்டுடுவான், உங்க பில்லுல பீர் தனியா இருக்கா பாருங்க. தண்ணி பாட்டில் எம்ஆர்பிக்கு மேல போட்டிருந்தா மட்டும் சண்டை போடாதீங்க, ஓட்டல்ல ஒக்காந்து குடிச்சா அப்படி வாங்கலாம்னு 2017லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சி, எனக்கும் புடிக்கல, ஆனா அதான் சட்டம்.

உப்பளம்காரி:
பாத்தேன், பீர் தனியாத்தான் இருக்கு. சர்வீஸ் சார்ஜ் 94 ரூவா. காசு பெருசில்ல தம்பி, மாடிதான் பிரச்சன.

மூணாம் டேபிள்:
எல்லாரும் அந்தக்கா பக்கமே பேசறீங்க, நான் மாத்தி சொல்றேன், திட்டிக்கோங்க. நான் சென்ட்ரிங் வேல பாக்கறவன். சாயங்காலம் ஆறரைக்கு எறங்கினா சட்டையெல்லாம் சிமெண்ட்டு, வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஒக்கார எனக்கு ஊர்ல ஒரே எடம் இந்த மாதிரி கடைதான். பீச்சுக்கிட்ட இருக்கற கடைல என்னை உள்ளயே விட மாட்டான், செருப்பைப் பாத்தே தெரிஞ்சிக்குவான். இப்ப இந்த பேன் போட்ட ஹாலுக்கும் குடும்பம் வர ஆரம்பிச்சா மொதல்ல "கொஞ்சம் மெதுவா பேசுங்கண்ணே"ம்பான், அப்புறம் ஏசி போடுவான், லைட்ட டிம் பண்ணுவான், கடலைக்கு 90 ரூவா பில்லு போடுவான், அதுக்கப்புறம் ரெஸ்டோ பார்னு போர்டு மாட்டி பாட்டு போட்டு ஆட விடுவான். ஊர்ல ரெஸ்டோ பார் வேணாம்னு ஜனங்க ரோட்ல நின்னாங்களே, அதெல்லாம் எப்படி ஆரம்பிச்சிதுன்றீங்க? எங்கள மாதிரி ஆளுக்கு மாடி கூட கெடையாது, வெளியதான்.

உப்பளம்காரி:
அண்ணே நீங்க சொல்றதுல ஞாயம் இருக்கு, மறுக்கல. ஆனா நான் ஏசி கேக்கலியே? எனக்கும் அந்த பேனு காத்துதான் வேணும், அந்த 220 ரூவா வெலதான் வேணும். மேல அனுப்பி 280 வாங்கறது அவங்கதான, நானா?

முத்தியால்பேட்டை தாத்தா:
இந்த ஊரு கதையே வேற கண்ணுங்களா. மெட்ராஸ் மாகாணம் முழுக்க 1948ல மதுவிலக்கு வந்துச்சி, கொண்டு வந்தவரு நம்ம திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர்க்காரரு. இங்க அப்ப பிரெஞ்சுக்காரன் ஆட்சி, 1954 வரைக்கும். எல்லைக்கு அந்தாண்ட பூட்டு, இந்தாண்ட தெறந்து கெடக்கு. கடலூர்லேர்ந்து நடந்தே வந்து குடிச்சிட்டுப் போவாங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு. அப்பலேர்ந்தே இங்க கடைன்னா வெளியூர்க்காரன் வந்து குடிச்சிட்டுப் போற எடம்தான், உள்ளூர்க்காரன் பொண்டாட்டி புள்ளையோட ஒக்காந்து சாப்புடணும்னு யாரும் டேபிள் போடல. சனி ஞாயிறு பாருங்க, டிஎன் வண்டிதான் நிக்குது. திண்டிவனத்துத் தம்பி கோச்சிக்காத.

கோரிமேடு தாண்டி:
கோவம்லாம் இல்ல தாத்தா. ஆனா எங்க ஊர்ல குடிக்கறதுக்கு 21 வயசு ஆவணும், உங்க ஊர்ல 18, வராம என்ன பண்ணுவான் 😄 சிஸ்டர், நான் கேக்கறது ஒண்ணுதான், ஏதாவது ஒருத்தன் போதைல கிட்ட வந்து பேசினா? உங்க வீட்டுக்காரரு சும்மா இருப்பாரா?

வில்லியனூர் வேம்பு:
போதைல பேசறவனை மாடிக்கு அனுப்புங்க ப்ரோ. ஏன் எப்பவும் பொம்பளைய நவுத்தறீங்க? சரக்கு விக்கிற எடத்துல பொம்பளைங்க வேலையே பாக்கக்கூடாதுன்னு பஞ்சாப் எக்சைஸ் சட்டத்துல இருந்துச்சி, பாதுகாப்புன்னுதான் காரணம் சொன்னாங்க. 2007ல சுப்ரீம் கோர்ட் அதைத் தூக்கிப் போட்டுச்சி. அங்க வேலையே பாக்கலாமாம், இங்க ஒக்காந்து கடம்பா துன்னக்கூடாதாம்.

டிரே தூக்கினவன்:
ஆறு வருசம் இந்த மாதிரி ஒரு கடைல சப்ளையரா இருந்தேன், இப்ப ஆட்டோ. உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். மேல இருக்கற ஃபேமிலி ரூமுங்க பாதிக்கு மேல பழைய லாட்ஜ் ரூமு, கட்டிலைத் தூக்கிட்டு டேபிள் போட்டது, அதான் ஜன்னலிருக்காது. கீழ குடிக்கிறவன் ரெண்டு மணி நேரம் ஒக்காருவான், சைட் டிஷ் நாலு சொல்வான், போறப்ப அம்பது நூறு டிப்ஸ் வைப்பான். குடும்பம் முக்கா மணி நேரத்துல எழுந்திரிக்கும், பில்லு சின்னது. ஓனருக்கு கீழ டேபிள் பார்காரனுக்கு வேணும், அவ்ளோதான், பாதுகாப்புன்றது நாங்க வாயில சொல்ற வார்த்தை.

ஆனா ஒண்ணு, எங்க பயமும் உண்மை. ஒரு தடவ ஒரு ஆளு பக்கத்து டேபிள் பொண்ணை செல்லுல போட்டோ எடுத்தான்னு சண்டை. எடுத்தானா இல்லியான்னே தெரியாது. ரெண்டு டேபிள் கவுந்துச்சி, பதினோரு கிளாஸு. ஒடஞ்ச கிளாஸ் காசு எங்க மூணு பேரு சம்பளத்துலதான் புடிச்சாரு. அதுலேர்ந்து பொம்பளைங்க வாசல்ல தெரிஞ்சாலே நானே ஓடிப்போய் மேல அனுப்பிடுவேன். உங்ககிட்ட ஓடி வந்தவனும் கிளாஸை எண்ணிக்கிட்டே வந்திருப்பான்.

சர்வீஸ் சார்ஜ்ல எனக்கு ஒரு ரூவா வந்ததில்ல. ஒரு ரூவா கூட. டிப்ஸ் குடுக்கணும்னா கைல குடுங்க.

பில்லப்பாரு:
அண்ணே கிளாஸ் காசை சம்பளத்துல புடிச்சதுக்கு நீங்க லேபர் ஆபீஸ் போயிருக்கலாமே.

டிரே தூக்கினவன்:
போயிருக்கலாம் தம்பி. மறுநாள் வேலைக்கு எங்க போறது?

உப்பளம்காரி:
அப்டேட். புதன்கிழமை அஞ்சரைக்கு நானும் அம்மாவும் மட்டும் போனோம். அதே சப்ளையர், வாசல்லயே நிக்கறாரு. "அண்ணே கிளாஸ் எதுவும் ஒடைக்க மாட்டோம், கீழயே ஒக்கார்றோம்"னேன், ஒரு செகண்டு முழிச்சாரு, அப்புறம் சிரிப்ப அடக்க முடியல. ஜன்னலோரம்தான். கேக்காமலே கடலை வந்துச்சி. கடம்பா கொதிக்க கொதிக்க வந்து அம்மா நாக்கை சுட்டுக்கிட்டாங்க, "உப்பு தூக்கலா இருக்கு, பார்சல்தான் நல்லாருந்துச்சி"ங்கறாங்க. எனக்கு சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. சர்வீஸ் சார்ஜ் இல்ல, 40 ரூவா கைல குடுத்தேன்.

மூணாம் டேபிள்:
புதன்கிழமை அஞ்சரைக்கு அங்க ஈதான் இருக்கும், அதெல்லாம் கணக்குல வராதுக்கா. சனிக்கிழமை ராத்திரி எட்டுக்கு ஒக்காந்து காட்டுங்க, அப்ப பேசலாம்.

உப்பளம்காரி:
சனிக்கிழமை அம்மா கவுச்சி தொட மாட்டாங்கண்ணே. ஞாயித்துக்கிழமை வரோம், நீங்க எந்த டேபிள்னு சொல்லுங்க, அதைத் தள்ளி ஒக்கார்றோம்.

மூணாம் டேபிள்:
பேர்லயே இருக்கே 😄