புதுப்பிப்பு: ரெசிடென்சி முடிந்தது, தாளம் தட்டும் தட்டுக்கழி கையில்

‘ரெண்டு மேடை வாய்ப்பை விட்டுட்டு நடன ரெசிடென்சிக்குப் போகலாமா?’ என்று மார்ச்சில் இங்கே புலம்பியிருந்தேன். போனேன். ரெசிடென்சி என்றால், சொந்தமாக ஆடிப் படைத்துப் பார்க்க இடமும் நேரமும் தரும் திட்டம். ஆறு வாரம் ஸ்டூடியோ சாவி என் கையில். முடிவில் மேடையேற்றியே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை. முதல் வாரம் வீண், கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நாலு பிள்ளைகளுக்குப் பரதத்தின் அடிப்படை அடியான தட்டடவு சொல்லிக்கொடுக்கப் போய்த்தான் முழங்கால் மடித்து நிற்கும் என் அரைமண்டியே சரியில்லை என்று தெரிந்தது! தாளம் தட்டிக்கொண்டே ஜதி (தாளச் சொற்கட்டு) சொல்வது ஆடுவதைவிடக் கஷ்டம்.

சிங்கப்பூர் நடனமணி சாந்தா பாஸ்கர் அம்மா 1958இலேயே சீனத்துப் பட்டாம்பூச்சிக் காதலர் கதையைப் பரதத்தில் அமைத்தவர். அந்தத் தைரியத்தில் எம்ஆர்டி ரயில் கதவு மூடும் ஒலியைத் திஸ்ரத்தில் (மூன்று எண்ணிக்கை நடை) கோத்து ஒரு குட்டி அலாரிப்பு (கச்சேரியின் தொடக்க நடனம்) செய்தேன். பார்த்த அக்கா, “நடுவுல இழுக்குதும்மா” என்றார். வெட்டிவிட்டேன். பிள்ளைகளுக்கான சனிக்கிழமை வகுப்பு தொடர்கிறது. இப்போது ஏழு பேர்.