நகரமைப்புத் துறைப் பெண்களுக்குத் தனி வட்டம் எதற்கு?

வரைபலகை:
நகரமைப்பு அலுவலகங்களில் பணிபுரியும் இளம் பெண்கள் சிலர் மாதம் ஒருமுறை தனியே கூடி, ஊதியம் முதல் பதவி உயர்வு வரை பேசிவருகிறார்கள். அவர்கள் நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால், நகரில் எந்த இடம் எதற்கு என வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) நில உபயோக வரைபடம் முடிவாகும் மேசைக்கு வராமல், பக்கத்து அறையில் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்வதால் நகரம் மாறிவிடாது.

நிழற்சாலை:
பக்கத்து அறையில் தொடங்கியது மேசைக்கு வந்த கதை ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் இருக்கிறது. அங்கே 1991இல் ஏவா கைல் என்னும் நகரமைப்பாளர், தம் துறைத் தோழி ஒருவருடன் சேர்ந்து, பெண்கள் நகரத்தை அன்றாடம் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் புகைப்படக் கண்காட்சியாக வைத்தார். மறு ஆண்டே மாநகர நிர்வாகம் மகளிர் அலுவலகம் ஒன்றைத் தொடங்கி அவரைத் தலைவராக்கியது. 1993இல் பெண் கட்டடக்கலைஞர்களை மட்டும் அழைத்துக் குடியிருப்பு வடிவமைப்புப் போட்டி நடந்தது. ஃபிரான்சிஸ்கா உல்மன் உள்ளிட்ட நால்வர் வடிவமைத்த 357 வீடுகள் 1997இல் கட்டி முடிந்தன. அங்கே மாடிப்படியில் பகல் வெளிச்சம் விழும். குழந்தை வண்டியை நிறுத்தத் தளந்தோறும் இடம் உண்டு.

வரைபலகை:
நன்றி, என் வாதத்தைத்தான் வலுப்படுத்தியிருக்கிறீர்கள். அந்த வீடுகளைக் கட்டியது நட்பு வட்டம் அன்று. நிலமும் நிதியும் போட்டி விதியை எழுதும் அதிகாரமும் கொண்ட மாநகர நிர்வாகம்.

மழைநீர்வடிகால்:
அதிகாரம் வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதிகாரத்திடம் எதைக் கேட்பது என்பது எங்கே உருவாகிறது? வியன்னாவில் 1990களில் நடந்த ஆய்வொன்று, ஏறத்தாழ ஒன்பது வயதுக்குப் பிறகு சிறுமிகள் பூங்காவுக்கு வருவதை நிறுத்திவிடுவதையும் சிறுவர்கள் தொடர்ந்து வருவதையும் காட்டியது. ஒரே வாயில் கொண்ட கம்பிவேலி ஆடுகளத்தைப் பையன்கள் பிடித்துக்கொண்டால் பெண்பிள்ளைகள் உள்ளே நுழைவதில்லை. 1999இல் மார்கரெட்டன் பகுதியின் இரு பூங்காக்களைச் சீரமைத்து, திறந்த வெளியைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்தபின் சிறுமிகள் திரும்பி வந்தார்கள். "இதெல்லாம் ஒரு திட்டமிடல் பிரச்சினையா?" என்று நகைக்கப்படுவோமோ என்ற அச்சமின்றி இத்தகைய கேள்வியை முதன்முதலில் வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் வேண்டும்.

என் அனுபவமும் ஒன்று உண்டு. இரவு நேரப் பேருந்து நிறுத்தங்களின் வெளிச்சம் குறித்து நான் நான்கு மாதம் அலைந்து எடுத்த கள ஆய்வு, என் பெயரின்றி அறிக்கையாக அச்சானது. பணி ஒப்படைப்புக் கடிதத்திலேயே ஆய்வாளர் பெயரைக் குறிப்பிடச் சொல்லிக் கேட்டுவாங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர், நீங்கள் சொல்லும் அந்தப் பக்கத்து அறையில் இருந்த ஒரு மூத்த சகோதரிதான்.

வரைபலகை:
உங்களுக்கு நேர்ந்தது அநீதி. அந்த அறையைப் பற்றி நான் எழுதிய சொல்லையும் திரும்பப் பெறுகிறேன். ஆனால் என் அச்சம் மாறவில்லை. பூங்கா, கழிப்பறை, தெருவிளக்கு ஆகியவை 'பெண்கள் பிரிவு' என்று ஒதுக்கப்பட்டு, தளப்பரப்புக் குறியீடும் (மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்னும் அளவு) போக்குவரத்துக் கணிப்பும் வழக்கம்போல் ஆண்களிடமே தங்கிவிடும்.

நிழற்சாலை:
இந்த அச்சம் எங்களுக்கும் இருப்பதால்தான் அடுத்த கூட்டத்தில் தளப்பரப்புக் குறியீட்டைக் கணக்கிடும் முறையையே பாடமாக வைத்திருக்கிறோம். இருபது ஆண்டு அந்தக் கணக்கோடு பழகியவர் நீங்கள்; வந்து நடத்தித் தாருங்களேன்.

வரைபலகை:
வருகிறேன், ஆண் பணியாளர்களையும் அழைப்பதானால்.

மழைநீர்வடிகால்:
பாடத்துக்கு எல்லோரும் வரட்டும். அதன்பின் வரும் ஒரு மணி நேரத்துக்கு வேண்டாம் ஐயா. மேலாளர் அமர்ந்திருக்கும் அறையில் தன் ஊதியத் தொகையை எவரும் சொல்லமாட்டார்.