அதிகாலை நாலரைக்கு அடித்த போன்: வன்னியில் கனடா ஐஸ் ஹொக்கி அணியைச் சந்தித்தவர்கள் எழுதுங்கள்

வவுனிக்குளத்தான்

2010 பங்குனி முதலாம் திகதி. விடிய நாலரை மணி இருக்கும். முகாமிலிருந்து வெளியே வந்து வவுனியாவில் பெரியம்மா வீட்டு விறாந்தையில் படுத்திருக்கிறோம். முதல் நாள் பூரணை, முற்றம் முழுக்க நிலவு. போன் அடிக்கிறது.

அந்த நேரத்தில் போன் வந்தால் என்ன அர்த்தம் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. போர் முடிந்த பிறகு அண்ணாவைப் பற்றிப் பத்து மாதமாக ஒரு தகவலும் இல்லை. அம்மா எழும்பி உட்கார்ந்து தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டா. நான்தான் எடுத்தேன். ஸ்காபரோ மாமா. பின்னால் கார் ஹோன், கூச்சல், யாரோ சட்டி தட்டுகிற சத்தம். மாமா அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே பிடிபடவில்லை.

“மருமகன், வென்றிட்டம்! வென்றிட்டமடா!”

அம்மாவுக்கும் கேட்டுவிட்டது. “ஆர் வென்றது?” என்றா.

விஷயம் எனக்குப் பிறகுதான் தெரியும். வன்கூவர் ஒலிம்பிக் இறுதி ஆட்டம். கனடா 2-1 என்று முன்னால் நிற்க, முடிய 24 செக்கன் இருக்கும்போது அமெரிக்கா சமப்படுத்திவிட்டது. மேலதிக நேரத்தில் இகின்லா தட்டிக் கொடுக்க, சிட்னி கிராஸ்பி அடித்து 3-2. அங்கே ஞாயிறு பின்னேரம் ஆறு மணி. இங்கே என்ன நேரம் என்று மாமா யோசிக்கவில்லை.

நான் ஒன்றும் பேசாமல் இருந்தேன். அந்தப் பக்கம் கூச்சல் கொஞ்சம் தள்ளிப் போனது, கதவைச் சாத்தியிருப்பார். பிறகு தணிந்த குரலில், “அக்கா முழிப்போ?” என்று கேட்டார்.

மாமாவில் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் முகாமில் இருந்த காலம் முழுக்கக் காசு அனுப்பினவர் அவர்தான். ஆனால் இன்றைக்கும் எங்காவது ‘வென்றிட்டம்’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்த விறாந்தைதான் முன்னுக்கு வருகிறது. இந்த அணி வேறு யாருடைய வீட்டுக்குள்ளாவது இப்படி வந்து புகுந்திருக்கிறதா?

விசுவமடு அக்கா

எங்கள் வீட்டுக்குள் இல்லை தம்பி, வீட்டுக்குக் கீழேயே புகுந்தது.

2002ஆம் ஆண்டு. போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது மாசி 22. சோல்ட் லேக் சிற்றி ஒலிம்பிக்கில் கனடா அமெரிக்காவை 5-2 என்று வென்றது மாசி 24. எங்கள் சின்ன மாமா இந்த இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டுத்தான் கதைப்பார். ஏ9 வீதி திறந்த வருஷமே ஆவணியில் வந்து இறங்கினார். நாங்கள் அப்போது கல்வீடு கட்டிக்கொண்டிருந்தோம், அடுத்த நாள் வாசல் நிலை வைப்பு.

அந்தக் காசுக் கதை தெரியும்தானே. எட்மன்ரனிலிருந்து போன ஐஸ் போடுகிற ஆள் ஒருவர், மைதானத்தின் நட்ட நடுவில் ஐஸுக்கு அடியில் ஒரு கனடா டொலர் காசை ஒருவருக்கும் தெரியாமல் வைத்துவிட்டார். அதுக்கு மேலே சறுக்கித்தான் கனடா வென்றது. 1952இல் எடுத்த தங்கத்துக்குப் பிறகு 50 வருஷம், அதுவும் அதே மாசி 24ஆம் திகதி. மாமா சட்டைப்பையிலிருந்து அதே மாதிரி ஒரு டொலரை எடுத்து, “நிலைக்குக் கீழே இதுதான் போக வேணும்” என்றார்.

மேசன் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினொரு மூலை, ஒரு பக்கத்தில் பறவை. “வாத்துக்காசை நிலைக்குக் கீழே வைச்சால் வீடு மிதக்கும் அம்மா” என்றார். கடைசியில் பவுண் துண்டு, நவதானியம், வாத்து எல்லாம் ஒன்றாகவே போனது.

2011இல் திரும்பிப் போனபோது கூரை இல்லை. நிலையையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அது நின்ற இடத்தில் ஒரு குழி. முழங்காலில் இருந்து கத்தியால் கிளறினேன். தவளை ஒன்று இருந்தது. மாமா போனில் முதல் கேட்டதே “காசு இருக்கோ?” என்றுதான். “இருக்கு மாமா” என்றுவிட்டேன்.

இப்போது அதே இடத்தில் புது வீடு. வாற ஆவணியில் மாமா பேரப்பிள்ளைகளோடு வருகிறாராம். நிலையடியில் நின்று படம் எடுக்க வேண்டுமாம்.

ஏ9 லொறி

அது வாத்து இல்லை அக்கா. லூன் என்கிற பறவை.

முல்லைக் கரை

சுனாமிக்குப் பிறகு முல்லைத்தீவில் வீட்டுத்திட்ட மேற்பார்வையாளராக வேலை செய்தேன். எங்களோடு ஒரு கனடாக்காரர் இருந்தார், வின்னிபெக் ஊர், பரம்பரை ஐஸ்லாந்து. ஒரு மத்தியானம் ஒரு தடியை எடுத்து மணலில் ஹொக்கி மைதானம் கீறிக்கொண்டே, ஐஸ் ஹொக்கியில் கனடாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் யார் எடுத்தது தெரியுமா என்று கேட்டார்.

1920, அன்ற்வேர்ப். கோடைகால ஒலிம்பிக்கில்தான் முதல் முதல் ஐஸ் ஹொக்கி நடந்திருக்கிறது. அப்போது தேசிய அணி என்று தனியாக ஒன்று இல்லை, உள்ளூரில் வென்ற கழகம்தான் கனடாவாகப் போகும். போனது வின்னிபெக் ஃபோல்கன்ஸ். ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஐஸ்லாந்திலிருந்து குடியேறிய குடும்பங்களின் பெடியள். ஊர் லீக்கில் அவர்களைச் சேர்க்கவே மாட்டோம் என்றிருந்தார்களாம். முதலாம் உலகப்போருக்குப் போய் இருவர் திரும்பி வரவில்லை. மிச்சப்பேர் அன்ற்வேர்ப்பில் சுவீடனை 12-1 என்று அடித்தார்கள்.

சொல்லி முடித்துவிட்டு அவர், “ரொறன்ரோவில் உங்கட ஆக்கள் கனபேர் இருக்கினம், அவையளின் பிள்ளைகள் விளையாடுகினமோ?” என்று கேட்டார். நான் பகிடி என்று நினைத்து, “எங்கட பெடியள் டொக்டர், எஞ்சினியர்தான், ஐஸில விழுந்தெழும்ப மாட்டினம்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. கீறினதைக் காலால் அழித்துவிட்டு எழும்பிப் போனார். அவருடைய பாட்டனாரிடமும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு இரவு படுக்கும்போதுதான் விளங்கியது.

அதை விடுங்கள். விசுவமடு அக்கா, புது வீட்டுக்கு என்ன மரத்தில் நிலை போட்டீர்கள்? முதிரை அல்லது பாலை என்றால் பயமில்லை, ஆனால் வைரமான மரமா என்று பார்க்க வேண்டும். இப்போது வெள்ளை மரத்தைச் சாயம் பூசி முதிரை என்று விற்கிறார்கள். பெருவிரல் நகத்தால் கீறிப் பாருங்கள், தடம் விழுந்தால் முதிரை இல்லை. நிலையின் அடி நிலத்தில் முட்டுகிற இடத்தில்தான் கறையான் ஏறும், விசுவமடு மண்ணில் சொல்லவே வேண்டாம். பழைய எஞ்சின் ஒயிலை இரண்டு தரம் பூசி, காய விட்டு, அதன் பிறகுதான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியாயிற்று என்றால் அடிப்பக்கச் சீமெந்தை மெல்லக் கொத்தி எடுத்து இப்போதும் பூசலாம், ஒரு நாள் வேலை. மழை தொடங்க முந்திச் செய்யுங்கள். கதவு கீழே உரசினால் உடனே சீவ வேண்டாம், மாரியில் ஊதும், பங்குனியில் தானாகச் சரி வரும். கொத்துகிற அன்றைக்கே புதுக்காசு ஒன்றையும் உள்ளே வைத்துவிடுங்கள். கனடாவிலிருந்து வருகிற யாரிடமும் கேட்டால் தருவார்கள், புழக்கத்தில் இருக்கிற சாதாரணக் காசுதான். மாமாவுக்கு எப்படித் தெரியப்போகிறது?

விசுவமடு அக்கா

காசில் வருஷம் அடித்திருக்கும் தம்பி. மாமா அதைத்தான் முதல் பார்ப்பார்.

மல்லாவி வாத்தியார் மகன்

கதை நல்லது அக்கா, ஆனால் ‘50 வருஷம்’ என்பதை அப்படியே விட முடியாது. 50 வருஷமும் கனடா தன் முழுப் பலத்தோடு போய்த் தோற்றது போல ஆகிவிடும். சம்பளத்துக்கு விளையாடுகிறவர்கள் ஒலிம்பிக்கில் கூடாது என்பது அன்றைய விதி. கனடாவின் கெட்டிக்காரர் எல்லாரும் சம்பளக்காரர். சோவியத் ஆட்டக்காரர் பலர் காகிதத்தில் இராணுவத்தினர், உண்மையில் வருஷம் முழுக்க அதே வேலைதான். டேவிட் பௌவர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் மாணவர்களைச் சேர்த்து ஒரு நிரந்தரத் தேசிய அணி அமைத்து 1964 ஒலிம்பிக்குக்குக் கொண்டுபோனார், நாலாம் இடம். 1970இல் கோபித்துக்கொண்டு கனடா சர்வதேசப் போட்டிகளிலிருந்தே விலகியது. 1972, 1976 ஒலிம்பிக்குகளில் அவர்கள் இல்லவே இல்லை. வட அமெரிக்காவின் பெரிய சம்பள லீக்கான என்.எச்.எல். தன் ஆட்டங்களை நிறுத்தி ஆட்டக்காரரை முதல் முதல் அனுப்பியது 1998 நகானோ ஒலிம்பிக்குக்கு. அதிலும் செக் நாட்டின் கோலி (கோல் காப்பவர்) ஹாசெக் மறித்துவிட்டார். பெனால்டி அடிக்க கனடாவின் பெயர்போன ஆட்டக்காரர் கிரெட்ஸ்கியை இறக்காமல் வாங்கில் இருத்தி வைத்திருந்தார்கள். இதிலெல்லாம் காசு எங்கே வந்தது?

இவ்வளவும் எனக்கு ஏன் தெரியும் என்றால் அப்பாவால். அப்பா இடதுசாரி. வாழ்நாளில் ஒரு ஐஸ் ஹொக்கி ஆட்டமும் பார்த்ததில்லை, ஆனால் மொஸ்கோ வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தவற விட மாட்டார்.

2004இல் அக்காவும் அத்தானும் கனடாவிலிருந்து வந்தார்கள். மல்லாவி வீட்டில் மத்தியானச் சாப்பாடு, குளத்து மீன் குழம்பு. அத்தான் 1972 கனடா-சோவியத் தொடரைப் பற்றித் தொடங்கிவிட்டார். எட்டு ஆட்டம், நாலு கனடாவில், நாலு மொஸ்கோவில். எட்டையும் வெல்லுவோம் என்று போய் மொன்றியலில் முதல் ஆட்டமே 7-3 என்று தோல்வி. கடைசி ஆட்டத்தில் 34 செக்கன் இருக்கும்போது ஹெண்டர்சன் அடித்து 6-5. நாலு வெற்றி, மூன்று தோல்வி, ஒன்று சமன். கரண்டியைப் பிடித்து ஹெண்டர்சன் அடித்த மாதிரியே காட்டினார், குழம்பு சுவரில் தெறித்தது.

அப்பா பிசைந்த சோற்றைக் கோப்பையிலேயே வைத்துவிட்டுக் கேட்டார்: “அந்தப் பெடியன்ர கணுக்கால் பிறகு சுகமானதோ?”

அத்தானுக்கு யார் என்றே தெரியவில்லை. அப்பா கேட்டது சோவியத் ஆட்டக்காரர் கார்லமோவை. ஆறாம் ஆட்டத்தில் கனடாவின் பொபி கிளார்க் மட்டையால் அவர் கணுக்காலில் போட்டார். ஏழாம் ஆட்டத்துக்கு அவரால் வர முடியவில்லை, எட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தார். முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு, சொந்தக்காரப் பெடியனைக் கேட்பது போலக் கேட்டார். அந்தத் தொடரில் அப்பா கணக்கு வைத்திருந்தது அது ஒன்றைத்தான்.

கார்லமோவ் 1981இலேயே கார் விபத்தில் செத்துப்போனார் என்று சில மாதம் கழித்து வாசித்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்ல நினைத்தேன். அப்பா கிணற்றடியில் நின்றார், வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு. “கால் சுகமாம் அப்பா” என்றேன். “ம்” என்றார்.

முள்ளியவளைப் பேத்தி

நீங்கள் எல்லாரும் 2002 மாசி 24 என்கிறீர்கள். அதே மைதானத்தில், அதே காசுக்கு மேலே, மூன்று நாள் முந்தி மாசி 21இல் கனடாவின் பெண்கள் அணியும் அமெரிக்காவை 3-2 என்று வென்று தங்கம் எடுத்தது. ஒருவர் வாயிலும் அது வரவில்லை. மல்லாவி அண்ணா, 1964இல் பாதிரியார் வரைக்கும் போனீர்கள், பெண்கள் ஹொக்கி 1998இல் ஒலிம்பிக்குக்கு வந்ததைத் தாண்டித்தானே நகானோவுக்குப் போயிருப்பீர்கள்?

என்னுடையது சின்னக் கதை. பிரம்டனில் இருக்கிற மச்சாள், கனடா ஆட்டக்காரி பூலானின் பெயர் போட்ட 29ஆம் இலக்கச் சிவப்புச் சட்டை அனுப்பினாள், கூடவே 2014 சோச்சி இறுதி ஆட்டத்தின் வீடியோவும். திண்ணையில் இருந்து போனில் பார்த்தேன். அப்பம்மா வெற்றிலை இடித்துக்கொண்டு பக்கத்தில் எட்டிப் பார்த்தா. “பொம்பிளைப் பிள்ளையளோ இது?” தலைக்கவசத்துக்குப் பின்னால் தொங்கின பின்னல்களைக் காட்டின பிறகுதான் நம்பினா.

கனடா 1-2 என்று பின்னால். கோலியை வெளியே எடுத்துவிட்டு ஆறு பேரும் முன்னுக்குப் போய்விட்டார்கள். அமெரிக்காக்காரி ஒருத்தி தூரத்திலிருந்து பக்கை, அந்த ரப்பர் வட்டை, தட்டி விடுகிறாள். வெறும் கோல். அது ஆறுதலாக, சின்னப்பிள்ளை உருட்டிவிட்ட போளை மாதிரிப் போகிறது, போகிறது. அப்பம்மா பாக்குரலைக் கீழே வைத்துவிட்டா. பக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

“வற்றாப்பளை அம்மாளாச்சி!” என்று அப்பம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வளவு நாய் குரைத்தது.

54.6 செக்கன் மிச்சம் இருக்கும்போது பூலான் சமப்படுத்தி, மேலதிக நேரத்திலும் அவளே அடித்து 3-2. அப்பம்மா அதில் ஒன்றையும் பார்க்கவில்லை. அந்தக் கம்பத்தில் பட்டதை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னா. செத்துப்போகிற கிழமை வரைக்கும், “அந்த உருளுறதைப் போடு பிள்ளை” என்று கேட்டா. வீடியோ இருந்த போன் பழுதாகிவிட்டது. இணையத்தில் அந்த ஆட்டம் கிடைக்கும், தெரியும். நான் தேடவில்லை.

முல்லைக் கரை

சட்டையை முதல் தரம் தனியாகக் குளிர் தண்ணீரில் துவையுங்கள் தங்கச்சி, சிவப்புச் சாயம் மற்ற உடுப்பில் ஒட்டாது.

வவுனிக்குளத்தான்

சட்டைக்கும் நிலைக்கும் தனித் திரி தொடங்குங்கள் அண்ணை.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த 2010க்குப் பிறகு மாமா எங்களுக்கு இருட்டு நேரத்தில் எடுத்ததே இல்லை. 2014 சோச்சியில் ஆண்கள் சுவீடனை 3-0 என்று வென்றபோது இங்கே இரவு எட்டு மணிக்குக் கிட்ட, அதற்கும் அடுத்த நாள் பின்னேரம்தான் எடுத்தார், எழும்பிவிட்டீர்களோ என்று கேட்டுக்கொண்டு. 2025 மாசியில் பொஸ்ரனில் நான்கு நாட்டுப் போட்டி, கனடாவின் மக்டேவிட் மேலதிக நேரத்தில் அடித்து 3-2, அமெரிக்காதான் மறுபடியும். இங்கே காலை ஒன்பதரை தாண்டியிருக்கும், நான் கடைக்குப் போயிருந்தேன். போன் அம்மாவின் கையில். அம்மா இரவில் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் படுக்கிறா, பகலில் மடியில்.

மாமா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். அவர் வாய் திறக்க முந்தி, ஹலோ கூடச் சொல்லாமல், அம்மா கேட்டாவாம்:

“ஆர் தம்பி வென்றது?”